இரண்டாவது காப்பியும் ஒரு சுருட்டும்

விடுமுறை நாளே என்றாலும், எழுந்தவுடன் குடிக்கும் காப்பியோடு சுருட்டைப் பற்றவைக்காதீர்கள். முதல் காப்பி உடம்பை எழுப்புவதற்கு. சுருட்டுக்கு உரியது இரண்டாவது காப்பி. குளித்து, பலகாரம் முடிந்து, ஒன்பது ஒன்பதரைக்குக் கலப்பது. மற்ற நாட்களில் அந்த நேரத்துக்குப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்போம். இந்த அத்தியாயம் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபத்துநான்கு வயதில் உறையூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, காலை ஆறு மணிக்கு மாமாவின் பெட்டியிலிருந்து கறுத்த சுருட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். கையில் பாதி குடித்த காப்பி. சுருட்டு கால்வாசி எரிவதற்குள் காது அடைத்தது. நெற்றி சில்லிட்டு வியர்த்தது. குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. அப்படியே திண்ணையில் படுத்துவிட்டேன். அத்தை எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். “வெறும் வயித்துல இதத் தொடலாமாடா? உங்க மாமா நாலு இட்லி உள்ள போகாம பெட்டியத் திறக்கவே மாட்டாரு” என்றார். மாமா எதுவும் சொல்லவில்லை. அன்று பலகாரம் முடிந்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெட்டியைத் திறந்தார். இந்த அத்தியாயத்தில் இருப்பதில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது.

முதலில் பலகாரம்

வெறும் வயிற்றில் அப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. சுருட்டு இலை பல மாதம் புழுங்கவைத்துப் பதப்படுத்தப்படுவது. அதன் புகையில் காரத்தன்மை அதிகம். அதனால் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும், வாயின் உள்தோல் வழியாகவே நிகோடின் இரத்தத்தில் சேர்ந்துவிடும். அளவும் கொஞ்சமல்ல. ஒரு சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். பசித்த வயிற்றில் அத்தனையும் ஏறினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? அத்தை கொடுத்த சர்க்கரைத் தண்ணீர்தான் அதற்குச் சரியான கைவைத்தியம்.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புகையை விழுங்காமல் வாயில் வைத்து விடுகிறவர்களுக்கும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. ‘சிகரெட் போல இல்லை, சுருட்டு ஒன்றும் செய்யாது’ என்று திண்ணைகளில் சொல்லப்படுவது உண்மையல்ல. இதுவரை புகையிலையைத் தொடாதவர்கள் இந்த அத்தியாயத்தைக் காப்பிக்காக மட்டும் படித்தால் போதும். தொடங்குங்கள் என்று யாரையும் நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே புகைப்பவர்களிடம் நான் கேட்பது, அது அன்றாடப் பழக்கமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை. மாமாவுக்கு ஞாயிறு ஒன்று, பொங்கல் தீபாவளிக்கு ஒன்று. திங்கட்கிழமை அந்தப் பெட்டி திறந்து நான் பார்த்ததில்லை.

பலகாரத்துக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி போல வேறொன்று இல்லை. மிளகாய்ப்பொடியையும் காரச் சட்னியையும் அன்றைக்கு ஒதுக்கிவையுங்கள். காரத்தால் எரிந்த நாக்கில் புகை படும்போது ஊசி குத்துவது போல இருக்கும், சுருட்டின் மணம் எதுவும் தெரியாது. நெய் வழியும் வெண்பொங்கலும் எனக்கு ஒத்துவரவில்லை. நெய் நாக்கின்மேல் ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. சாப்பிட்டபின் வெறும் தண்ணீரால் நன்றாக வாய் கொப்பளித்துக்கொள்ளுங்கள்.

டிகாக்‌ஷன்

பலகாரத்துக்கு உட்காருவதற்கு முன் ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட வேண்டும். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். ஒருவருக்கு இரண்டு அரை டம்ளர் கணக்கு (ஏன் இரண்டு அரை என்பதைப் பிறகு சொல்கிறேன்). அதற்கு மூன்று குவித்த மேசைக்கரண்டித் தூள். தூளை லேசாக அமுக்கிவிடுங்கள், இறுக்கிவிடாதீர்கள். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு, மேல் தட்டு மூழ்க ஊற்றி மூடிவிட்டால் இருபது நிமிடத்தில் கள்ளிச்சொட்டாக இறங்கும். அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன் வீட்டில் வேறு யாருக்காவது ஆகட்டும், சுருட்டோடு அது நிற்காது.

தூளில் பாதி பிளான்டேஷன் ஏ, பாதி பீபரி. கடைக்காரர் சிக்கரி எவ்வளவு என்று கேட்பார். நம் நாட்டில் சட்டப்படி காப்பித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கலாம், பொட்டலத்தில் அதை அச்சிட்டிருப்பார்கள். சிக்கரி காப்பிக்கு நிறமும் கனமும் கொடுக்கும், ஆனால் அதன் கசப்பு நாக்கைவிட்டு எளிதில் போகாது. அடுத்து வரும் புகையின் ருசி அந்தக் கசப்புக்கு அடியில் புதைந்துவிடும். சுருட்டு நாளுக்கு 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவு. சிக்கரியே இல்லாமல் குடித்துப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாலோடு சேரும்போது எனக்குக் கொஞ்சம் மெலிந்துபோனது.

பால் அப்போதே காய்ச்சியதாக இருக்கட்டும். ஏட்டை எடுத்துவிடுங்கள். டிகாக்‌ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது பெரிய தவறு. சூடு போதாவிட்டால் அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். சர்க்கரை வழக்கத்தைவிட அரைக் கரண்டி கூடுதலாகவே போடுங்கள். புகையின் உறைப்பை இனிப்பு தணிக்கும்.

எந்தச் சுருட்டு

ஆங்கிலேயன் ‘செரூட்’ என்று சொன்னது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லைத்தான். போர்ச்சுகீசியரின் ‘ஷருட்டு’வும் அதுவே. புகையிலை கடல் கடந்து நமக்கு வந்தது. சொல் இங்கிருந்து கடல் கடந்து போனது. வந்த இலையை நம் ஆட்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சீனிச்சர்க்கரைப் புலவரே சாட்சி. பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பிப் ‘புகையிலை விடு தூது’ பாடினார். கருப்பசாமிக்கும் முனீஸ்வரனுக்கும் இன்றும் படையலில் சுருட்டு வைக்கிறோம். திருச்சிச் சுருட்டின் பேர் லண்டன் வரை தெரிந்திருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரன் புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிபவர் சாம்பலைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார்.

இவ்வளவு பெருமை உள்ள சுருட்டைப் பால் காப்பியோடு சேர்க்கலாமா என்றால், என் அனுபவத்தில் சேராது. நம் ஊர்ச் சுருட்டு இரு முனையும் திறந்திருக்கும், வெட்ட வேண்டியதில்லை, விலையும் குறைவு. ஆனால் அதன் புகையில் மண்வாசமும் உப்பும் உறைப்பும் தூக்கலாக இருக்கும். பாலும் சர்க்கரையும் அதற்கு எதிரே நின்றால் வாயில் ஒரு புளித்த நெடிதான் மிஞ்சும். அதற்கு ஏற்றது பால் சேராத கடுங்காப்பி, அதிலும் கருப்பட்டி போட்டது. மாமா அப்படித்தான் குடிப்பார். வேடசந்தூர், திண்டுக்கல் பக்கத்து இலையை அவர் விரலால் தடவிப் பார்த்தே இது இந்த வருஷத்தது, இது போன வருஷத்தது என்று சொல்வார். கருப்பட்டிக் காப்பி உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இறக்குமதிச் சுருட்டைத் தேடி அலையவே வேண்டாம்.

பால் காப்பிதான் வேண்டும் என்பவர்களுக்கு, மேலே போர்த்தியிருக்கும் இலை வெளிறிய பொன்னிறமாக உள்ள சுருட்டு பொருந்தும். கனெக்டிகட் ஷேட் என்று கேட்டால் கடையில் தெரியும். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வயலின்மேல் துணிப் பந்தல் போட்டு, வெயில் நேராகப் படாமல் வளர்த்த இலை அது. அதே விதையை ஈக்வடாரிலும் போடுகிறார்கள். அங்கே மேகமே பந்தல். இந்த இலை போர்த்திய சுருட்டில் வைக்கோலும் வறுத்த வேர்க்கடலையும் லேசான வெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு மணம் இருக்கும். பால் காப்பியின் அருகில் அது விருந்தாளி போல அடக்கமாக உட்காரும். கறுத்த மேலிலை உள்ளவற்றை ‘மதூரோ’ என்பார்கள். கூடுதல் காலம் புழுங்கவைத்ததால் வரும் நிறம் அது. கோகோவும் மிளகும் தெரியும். பாலில்லாத காப்பிக்கு அதுவும் நல்ல இணை. ஆனாலும் நான் அதை மாலைக்குத்தான் எடுப்பேன்.

அளவு மிக முக்கியம். சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிட்டு எண்ணாகச் சொல்வார்கள். 50 என்றால் சுமார் 20 மி.மீ. காலை நேரத்துக்கு ‘பெத்தி கொரோனா’ போதும். 42 தடிமன், 129 மி.மீ. நீளம், முப்பது நாற்பது நிமிடம் ஓடும். ‘ரொபுஸ்தோ’ என்ற 50 தடிமன் குட்டைச் சுருட்டு ஒரு மணி நேரம் எடுக்கும். சர்ச்சில் பெயரில் வரும் 178 மி.மீ. நீளச் சுருட்டைக் காலையில் தொடாதீர்கள். அது முடிவதற்குள் மதியச் சமையல் வாசனை வந்துவிடும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் ‘கியூபாச் சுருட்டு’ என்று யாராவது பாதி விலைக்குக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அசல் கியூபாச் சுருட்டு கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதில்லை. நம் நாட்டில் முறையாக விற்பனைக்கு வரும் பெட்டியில் எச்சரிக்கைப் படம் இருக்கும், அதையும் பாருங்கள்.

வீட்டில் வைத்திருப்பது

சுருட்டுக்கு வேண்டிய ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்றே அதைத் தாண்டிப் போய்விடும். கத்திரி வெயிலில் ஏசி ஓடும் அறையில் அது வெகுவாக இறங்கும். எனவே திறந்த அலமாரியில் வைத்தால் ஒரு வருஷத்துக்குள் பூஞ்சை பிடிக்கும், அல்லது சருகாகிவிடும். தேவதாரு மரப்பெட்டி வாங்க வேண்டிய கட்டாயமில்லை. காற்றுப் புகாத மூடியுள்ள டப்பா ஒன்றும், 65 சதவீதம் என்று போட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்றும், சின்ன ஈரமானி ஒன்றும் போதும். டப்பாவை வீட்டில் குளிர்ச்சியான, வெயில் எட்டாத மூலையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் அப்படியே போடாதீர்கள். அங்கே காற்று வறண்டது, பெருங்காயமும் நேற்றைய சாம்பாரும் சுருட்டில் ஏறிவிடும்.

நம் ஊரின் பெரிய எதிரி புகையிலை வண்டு. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் முட்டை, வெப்பம் 24 பாகையைத் தாண்டினால் பொரிக்கத் தொடங்கும். சுருட்டில் குண்டூசி குத்தியது போல ஓட்டை தெரிந்தால் வண்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். புதிதாக வாங்கியதை இறுக்கமான பையில் இட்டு உறைபெட்டியில் மூன்று நாள், பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு வெளியே ஒரு நாள், பை திறக்காமலே வைத்து எடுத்தால் பயமில்லை. அவசரப்பட்டு உறைபெட்டியிலிருந்து நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும்.

வெட்டும் நெருப்பும்

வாயில் வைக்கும் முனையில் தொப்பி மாதிரி ஒரு சின்ன இலைத்துண்டு ஒட்டியிருக்கும். அதன் ஓரக்கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலேயே, இரண்டு மி.மீ. அளவுக்கு, ஒரே வெட்டாக வெட்டுங்கள். கோட்டுக்குக் கீழே போனால் மேலிலை பிரிந்து கையோடு வரும். பல்லால் கடிப்பதைத் திரைப்படத்தோடு விட்டுவிடுங்கள். பற்றவைப்பதற்கு முன் ஒருமுறை சும்மா இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் வெட்டு சரி.

பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் கூடாது. அவற்றின் வாசனை கடைசி வரை போகாது. கேஸ் லைட்டர், இல்லாவிட்டால் நீளமான தீக்குச்சி. குச்சியின் மருந்து எரிந்து தீரும் வரை காத்திருங்கள். சுருட்டை இன்னும் வாயில் வைக்க வேண்டாம். கையில் சாய்த்துப் பிடித்து, நுனி நெருப்பைத் தொடாமல் சற்று மேலே காட்டி, மெதுவாகச் சுழற்றுங்கள், சுட்ட அப்பளத்தைத் திருப்புவது போல. விளிம்பு முழுதும் கறுத்துக் கனிந்த பிறகு வாயில் வைத்து இரண்டு மூன்று முறை இழுத்தால் வட்டமாகப் பிடித்துக்கொள்ளும்.

மின்விசிறியின் அடியில் உட்காராதீர்கள். காற்று பட்ட பக்கம் வேகமாக எரிந்து, சுருட்டு கோணலாகும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல், அல்லது வீட்டுத் திண்ணை நல்லது. வீட்டுக்குள்ளே, குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் இடத்தில், வேண்டவே வேண்டாம். 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. ஆகவே நல்ல காப்பி கிடைக்கும் ஓட்டலில் இந்த அத்தியாயத்தை முயன்று பார்க்க முடியாது.

இரண்டு அரை டம்ளர்

எல்லோரும் தடுமாறும் இடம் இது. காப்பி பத்து நிமிடத்தில் ஆறிவிடும், சுருட்டு நாற்பது நிமிடம் எரியும். ஒரு முழு டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆறிப்போகிறதே என்று காப்பியை அவசரமாகக் குடிப்போம். அந்த வேகம் சுருட்டுக்கும் தொற்றிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் சுருட்டு சூடேறிக் கசக்கும். கசந்தால் குற்றம் இலையின்மேல் விழும். பெரும்பாலும் இலைமேல் குற்றமில்லை.

மாமா இதற்குக் கண்டுபிடித்த வழி, டிகாக்‌ஷனையும் பாலையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு இரண்டு தவணையாகக் கலப்பது. அவருடையது கடுங்காப்பி என்றாலும் அத்தைக்காக இப்படிக் கலந்து கொடுப்பார். முதல் அரை டம்ளரைப் பால் தாராளமாக விட்டு, டபராவில் நுரை பொங்க ஆற்றி, சுருட்டின் முதல் மூன்றில் ஒரு பங்கோடு குடியுங்கள். அப்போது சுருட்டும் மென்மையாக இருக்கும். ஒரு மிடறு குடித்து விழுங்கி, நாக்கில் பாலின் இனிப்பு தங்கியிருக்கும்போதே ஒரு இழுப்பு. புகையை வாயில் ஐந்தாறு நொடி வைத்திருந்து விட்டுவிடுங்கள். அடுத்த இழுப்பு ஒரு நிமிடம் கழித்துத்தான். அந்த ஒரு நிமிடத்துக்குப் பழகுவதுதான் கடினம். கை தானாக வாய்க்குப் போகும். டபராவின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடங்கும்.

நடுப்பகுதிக்குக் காப்பி வேண்டாம், தண்ணீர் மட்டும். நடுவில்தான் சுருட்டின் சொந்தக் குணம் வெளியே வரும், அதை ஒருமுறையாவது காப்பியின் துணையில்லாமல் பாருங்கள். சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. இரண்டு செ.மீ. வரை நிற்கட்டும், அது நெருப்பைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். பிறகு கிண்ணத்தின் ஓரத்தில் லேசாகச் சாய்த்தால் தானே விழும். இடையில் அணைந்துபோனால் பதற வேண்டாம். சாம்பலைத் தட்டிவிட்டு, உள்ளே தங்கிய புகையை வெளிநோக்கி ஊதித் தள்ளி, மறுபடி நுனியைக் கனியவிடுங்கள்.

பேப்பர் படிக்க ஏற்ற நேரமும் இந்த நடுப்பகுதிதான். கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். படிப்புக்கும் சுருட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1865-இல் ஹவானாச் சுருட்டு ஆலைகளில் தொழிலாளர்கள் தங்களுக்குள் காசு போட்டு ஒருவரை அமர்த்தி, தாங்கள் சுருட்டும்போது செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். மாண்டிகிறிஸ்டோ என்ற சுருட்டுப் பெயர் அப்படிப் படித்துக் கேட்ட அலெக்சாந்தர் தூமாவின் நாவலிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் இலை சுருட்டியபடி கேட்டிருந்த வழக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் தலையங்கத்தை அத்தை உரக்கப் படிப்பார். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

கடைசிப் பங்குக்கு வரும்போது சுருட்டு உறைக்கத் தொடங்கும். இரண்டாவது அரை டம்ளரை இப்போது கலக்குங்கள். பாலைப் பாதியாகக் குறைத்து, டிகாக்‌ஷனைக் கூட்டி, சர்க்கரையை அப்படியே வைத்து. சூட்டை ஆற்றிக் குறைக்க வேண்டாம். திடமான காப்பி மட்டுமே இந்தக் கட்டத்தில் புகைக்கு ஈடுகொடுக்கும். விரலுக்குச் சூடு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கடைசி அங்குலத்தை இழுத்தால், அதுவரை கிடைத்தது அத்தனையும் கசப்பில் மூழ்கிவிடும்.

அணைக்கும்போது நசுக்காதீர்கள். நசுங்கிய சுருட்டின் நாற்றம் மாடிப்படி வரை இறங்கும். கிண்ணத்தில் படுக்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் தானே அவிந்துவிடும். அதன்பிறகு தண்ணீர் ஊற்றி, ஊறிப்போனதா என்று பார்த்து, பிறகு குப்பைக்கூடையில் போடுங்கள். டம்ளரையும் டபராவையும் நீங்களே கழுவி வையுங்கள். பல் துலக்கி, சட்டையை மாற்றிக்கொண்டு, அதன்பிறகு குழந்தைகளிடம் போங்கள்.